விசாலாட்சி அக்காவின் காரும் அந்த ஏழு நாளும்

முகம் தெரியாத அதிகாரியே நல்லவர் என்பது என் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துபோனதாக யாரும் வருத்தப்படக் கூடாது.

சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று, இப்போது அரிமளத்தில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சாமான்களுக்குச் சுங்கத்தில் தாள் கொடுத்து, வரி கட்டி, சோதனை முடித்து, உடையவர் கையில் எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். என் நாற்காலியில் இப்போது தமிழ்ச்செல்வி உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் போன் செய்தார். "சார், இப்ப எல்லாமே ஸ்கிரீன்லதான். நம்ம பில்லப் பாத்து வரி போடுற ஆபீசர் எந்த ஊர்ல இருக்காருன்னே தெரியாது. நீங்க நேருக்கு நேர் நின்னு வேலை பாத்தவங்க. அதப் பத்தி எழுதிக் குடுங்களேன், புதுசா வந்திருக்கவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்" என்றார்.

நேருக்கு நேர் நின்றதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாதி நாள் அதிகாரியின் அறைக்கு வெளியே நின்றதுதான் கணக்கு. அவர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா, காபி சூடாக இருந்ததா என்பதையெல்லாம் பியூனிடம் விசாரித்துவிட்டு உள்ளே போக வேண்டும். அந்தத் தொல்லை இல்லாத பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். இருந்தாலும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முகத்தைப் பார்த்துப் பேசியதால் நடந்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தொழில் கற்ற கதையை நீட்டி முழக்க மாட்டேன். புதுக்கோட்டையில் பி.காம். முடித்து பஸ் ஏறினேன். மூன்று வருடம் கோப்பு சுமந்தேன். துறைமுகத்துக்குள் போய்வர அடையாள அட்டை வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை. இரண்டாவது தடவையில் தேறினேன். முதல் தடவை ஏன் தேறவில்லை என்று கேட்காதீர்கள்.

அரிசி, இரும்பு, இயந்திரம் என்று எது வந்தாலும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் தலையில் வந்து விழுந்தது கார். காரணம் ஊர்ப்பாசம். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஆள் போகாத தெரு எது? வருடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று இருப்பவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவருக்குத் தன் காரைக் கப்பலில் கொண்டுவரும் ஆசை வந்துவிட்டால், "அரிமளத்துக்காரரு ஒருத்தர் ஹார்பர்ல இருக்காரு" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். இரும்பு வந்தால் இரும்பு மட்டும் வரும். கார் வந்தால் உடையவரும் கூடவே வருவார், அவர் மச்சினரும் வருவார்.

ஒருவர் பொன்னமராவதிக்காரர், வளைகுடாவிலிருந்து இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டியை அனுப்பிவிட்டார். நம் நாட்டுக்குள் வலது பக்கம் ஸ்டியரிங் இருந்தால்தான் விடுவார்கள் என்று சொன்னதற்கு, "உள்ள உக்காந்து ஓட்டப்போறது நாந்தானே, அவுகளுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. இன்னொருவர் மலேசியாவில் கப்பலேற்றும் முன் காருக்குப் பூசை போட்டிருக்கிறார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முகப்பில் மாலை, டிக்கியில் ஒரு முழுப் பூசணிக்காய். காரை வைத்து அடைத்த இரும்புப் பெட்டகம் வெயிலில் மூன்று வாரம் கிடந்து இங்கே வந்து திறந்தபோது, சோதனை அதிகாரி நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். வெளிநாட்டுக் காய்கனி உள்ளே வரத் தனி அனுமதி வேண்டும், அதற்கென்று தனி அலுவலகம் உண்டு. காரை ஒரு நாளில் எடுத்துவிட்டோம். பூசணிக்காய்க்குத்தான் நான்கு நாள் அலைந்தேன்.

இதெல்லாம் சிரிப்போடு போன விஷயங்கள். எங்கள் மேனேஜர் சகுந்தலா மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக முடியாது.

மேடம் கட்சிக்காரர்களிடம் கேள்வியே கேட்க மாட்டார். வந்தவர் உட்கார்ந்ததும் கையை நீட்டுவார், பாஸ்போர்ட்டுக்காக. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒன்றும் அச்சடிக்காத வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, விரலால் நீவி நீவிப் பார்ப்பார். "ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கும். அதுக்குள்ளதான் ஒரு ஸ்டாம்பு ஒளிஞ்சிருக்கும்" என்பார். கையில் பென்சில்தான், பேனா கிடையாது. அரசாங்க விதி இதுதான். வெளிநாட்டில் குடியிருந்தவர் ஊரோடு வந்து தங்க முடிவுசெய்து, கூடவே காரையும் கொண்டுவர வேண்டுமானால், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். நடுவில் ஊருக்கு வந்துபோகலாம், ஆனால் அப்படி வந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் மேடத்தின் சட்டம் ஒன்று உண்டு: அந்த நாட்களை ஆபீசில் இரண்டு பேர், தனித்தனி அறையில் உட்கார்ந்து, பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் மேடம், காரைக் கப்பலில் ஏற்றலாம் என்று சொல்வார். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் மேடம்தான்.

(இவை நான் இருந்த நாளின் விதிகள். இதைப் படித்துவிட்டு யாரும் கார் ஏற்றிவிட வேண்டாம். இன்றைய விதியைத் தமிழ்ச்செல்வியிடம் கேளுங்கள்.)

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு விசாலாட்சி அக்காவிடமிருந்து போன் வந்தது. பொன்னமராவதிக்குப் பக்கத்து ஊர். கணவரோடு மலேசியா போனவர், அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றவர். கணவர் இறந்த பிறகு வருடத்தில் ஒன்பது மாதம் அங்கே மகளோடு, மூன்று மாதம் இங்கே அண்ணன் வீட்டில். சிறு வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் சுகமில்லை. ஊன்றுகட்டையோடு நடப்பார். ஆனால் அங்கே கார் ஓட்டினார். கையாலேயே வேகம் கூட்டி, கையாலேயே பிரேக் போடும்படி அமைத்த சின்ன வெள்ளைக் கார்.

"தம்பி, நான் ஊரோட வந்துரலாம்னு இருக்கேன். மகளப் பாக்க இனி வருசத்துக்கு மூணு மாசம் போனாப் போதும். ஆனா காரு இல்லாம வர மாட்டேன்" என்றார்.

"இங்கயே ஒண்ணு வாங்குனா, கையால ஓட்டுற மாதிரி மாத்தித் தர்றாங்களே அக்கா" என்றேன்.

"எந்தக் கைப்புடி எவ்வளவு அழுத்துனா எங்க நிக்கும்னு எனக்கு இந்த வண்டியிலதான் தெரியும். அறுவது வயசுல இன்னொண்ணப் பழகச் சொல்றீங்களா? ஊருக்கு வந்தா நான் பொட்டலம் மாதிரி தம்பி. அண்ணன் மகனுக்கு லீவு இருந்தாத்தான் எனக்குப் பல்வலி வரணும். வெளிய போகணும்னா யாராச்சும் தூக்கி ஏத்தணும், யாராச்சும் எறக்கணும். மூணு மாசம்னா பொறுத்துக்கலாம். மிச்ச ஆயுசு பூராவும் முடியாது."

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா என்று மேடத்திடம் விசாரிக்கட்டுமா என்றதற்கு, "வேணாம். ஊரு திரும்புற எல்லாரும் எப்படிக் கொண்டாராங்களோ, நானும் அப்படியே கொண்டாரேன்" என்றார். பிறகு நான் கேட்டேன், கடந்த இரண்டு வருடத்தில் ஊரில் எவ்வளவு நாள் இருந்தீர்கள் என்று. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"ரெண்டு வருசமும் மூணு மூணு மாசம். வைகாசி ஒண்ணாந்தேதி வந்தேன். ஆடியில பயணம் கெளம்ப மாட்டோம்ல, ஆடி முடிஞ்சு ஆவணி ஒண்ணு அன்னைக்கு ஏறிட்டேன்."

வைகாசி, ஆனி, ஆடி. மூன்று மாதம். இரண்டு வருடத்துக்கு ஆறு மாதம். எனக்கு அது அவ்வளவு இயல்பாக இருந்தது. என் வீட்டிலும் அப்படித்தான் எண்ணுவோம். மேடம் அந்த வாரம் மகள் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். பாஸ்போர்ட் நகல் வரட்டும், இரண்டு பேர் எண்ணட்டும் என்று காத்திருந்திருக்க வேண்டும். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான் என்றார்கள். நான் சொல்லிவிட்டேன்: "ஏத்துங்கக்கா, பாத்துக்கலாம்."

கார் வந்து இறங்கியது. அக்காவும் வந்து சேர்ந்தார். மேடம் பாஸ்போர்ட்டை வாங்கி விரலால் நீவிப் பார்த்தார். பென்சிலை வைத்துவிட்டு, "முருகேசன், நீங்க எண்ணுனது எவ்வளவு?" என்று கேட்டார்.

நான் எண்ணவே இல்லை என்று சொன்னேன்.

வெயில் காலத்துத் தமிழ் மாதங்கள் நீளமானவை. வைகாசி முப்பத்தொரு நாள், ஆனி முப்பத்திரண்டு, ஆடி முப்பத்தொன்று. தையும் மாசியும் பங்குனியும் என்றால் தொண்ணூறுக்குள் அடங்கியிருக்கும். இது வந்த நாள், கிளம்பிய நாள் எல்லாம் சேர்த்து வருடத்துக்குத் தொண்ணூற்றைந்து. இரண்டு வருடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. ஆறு மாதத்துக்கு எப்படிப் பார்த்தாலும் நூற்று எண்பத்து மூன்றுதான். ஏழு நாள் அதிகம்.

ஏழு நாளால் என்ன ஆகும் என்றால், அந்தக் கார் அனுமதி இல்லாமல் வந்த சரக்காகிவிடும். திருப்பி அனுப்பலாம், அல்லது பறிமுதல் செய்யலாம். ஒரு வழிதான் மிச்சம். தனிப்பட்ட சூழ்நிலை இருந்தால், சுங்க ஆணையர் காரணத்தை எழுத்தில் பதிந்து அந்த நாட்களைப் பொறுத்தருளலாம்.

துறைமுக யார்டுக்கு வெளியே வேறொரு கிளியரிங் ஆபீஸ் ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார், நடந்ததைச் சொன்னேன். "இதுக்கா கவலப்படுறீங்க? அந்தம்மா காலப் பாத்தாலே போதுமே. அந்த ஏழு நாளும் காலுக்கு வைத்தியம் பாத்தாங்கன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிருங்க. எந்த ஆபீசரும் கேள்வி கேக்க மாட்டாரு." கேட்டபோது எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பொய் சொல்கிறேன் என்றே தோன்றவில்லை. நேராக அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆபீஸ் வரவேற்பறையில் கட்டைகளைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஏழு நாளு நான் சீக்கா இல்லயே தம்பி" என்றார். "நல்லா இருந்தேன். கடைசி ரெண்டு நாளு பலாப்பழம் தின்னேன்."

"தெரியுதுக்கா. ஆனா கார் போயிரும்."

"போனாப் போகட்டும்னு சொல்ல மாட்டேன். அது எனக்கு வேணும். ஆனா இந்தக் காலக் காட்டி நான் இதுவரைக்கும் ஒண்ணும் வாங்குனதில்ல. ஒரு தடவ காட்டிட்டா, அப்பறம் எல்லாரும் அதத்தான் பாப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டது அவருடைய காரும் என்னுடைய துறைமுக அட்டையும். இந்த அம்மாவுக்கு ரோஷம் முக்கியமா என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்ததை எழுதாமல் விட்டால் மேடம் மன்னிக்க மாட்டார்.

மேடத்திடம் போனேன். மருத்துவச் சான்றிதழ் பேச்சைக் கேட்டதும் அவர் என்னைத் திட்டவில்லை. "மனுவ நீங்களே எழுதுங்க" என்றார். எழுதிக் கொண்டுபோனேன். "நாட்களின் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது" என்று ஆரம்பித்திருந்தேன். மேடம் பென்சிலால் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, "யாருக்கு நேர்ந்துச்சு?" என்று கேட்டார். திரும்பி வந்து, "மனுதாரர் கணக்கில் தவறிவிட்டார்" என்று மாற்றினேன். மறுபடி கோடு. "அவங்க கப்பல்ல ஏத்தலாமான்னு யாரக் கேட்டாங்க?"

மூன்றாவது தடவை எழுத உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் ஏற்றச் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், துறைமுக அட்டையைப் பிடுங்கிக்கொள்ள அது ஒன்றே போதும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். எழுதினேன்: "மனுதாரர் தமிழ் மாதங்களின்படி எண்ணினார். அவருடைய முகவரின் எழுத்தராகிய நானும் அதே ஊர்க்காரன், அதேபோல எண்ணினேன். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் காரை ஏற்றச் சொன்னது நான்." இணைப்பாக இரண்டு வருடத்துப் பஞ்சாங்கப் பக்கங்களை நகலெடுத்து வைத்தேன். சுங்கத்துறை மனுவுக்குப் பஞ்சாங்கம் இணைத்த ஆள் எனக்கு முன்னால் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். மேடம் படித்தார். இந்த முறை கோடு போடவில்லை.

விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஆணையர் வடக்கத்திக்காரர், ஆங்கிலத்தில்தான் பேசினார். அக்காவும் அவருக்குச் சளைக்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஒரு மாதத்துக்கு முப்பத்திரண்டு நாள் எப்படி வரும் என்று ஆணையர் என்னைக் கேட்டார். சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் மாதம், கோடையில் கூடுதல் நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பஞ்சாங்க நகலை வாங்கி, ஆனி மாதத்தை விரல் வைத்து எண்ணினார். உண்மையாகவே ஒவ்வொன்றாக எண்ணினார்.

பிறகு அக்காவைப் பார்த்து, "ஆடியில் கிளம்பக் கூடாது என்றால் ஆனிக் கடைசியிலேயே கிளம்பியிருக்கலாமே" என்றார்.

நான் மனதுக்குள், அக்கா, ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

"கிளம்பியிருக்கலாம்" என்றார் அக்கா. "ஊரில் இருக்க வேண்டும் போல இருந்தது, இருந்துவிட்டேன்."

"உடல்நிலை ஏதாவது?" ஆணையரே கதவைத் திறந்துவிட்டார். அவர் கண் ஒரு நொடி கட்டைகளின் மேல் போய் வந்தது.

"இல்லை சார். நன்றாக இருந்தேன்."

ஆணையர் என் பக்கம் திரும்பினார். இந்தக் கையெழுத்து உம்முடையதுதானா, என்ன எழுதியிருக்கிறீர் என்று தெரிந்துதான் போட்டீரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. போகலாம் என்றார். வெளியே வந்து நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அக்கா, "பெரிய ஆபீசரா இருந்தாலும் வெரல் வச்சுத்தான் எண்ணுறாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. ஆங்கில உத்தரவு, என் நினைவிலிருந்து தமிழில் சொல்கிறேன். மனுதாரர் தம் உடல்நிலையைக் காரணமாகக் காட்டியிருக்க முடியும், வாய்ப்புக் கொடுத்தும் காட்டவில்லை. அவரும் அவருடைய முகவரின் எழுத்தரும் தனித்தனியே ஒரே பிழையைச் செய்து, தமக்குப் பாதகமாகும் என்று தெரிந்தும் ஒப்புக்கொள்வதால், இது நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை என்று ஏற்கிறேன். ஏழு நாட்கள் பொறுத்தருளப்படுகின்றன. கடைசி வரி எனக்கு. எழுத்தர் இனிமேல் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று எச்சரிக்கப்படுகிறார். அந்த எச்சரிக்கையை நகலெடுத்து வைத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் என்னைப் பற்றி அரசாங்கம் எழுதிய ஒரே வாசகம் அது.

அதன் பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தது. வரி கட்டினோம். சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தோம். லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினோம். புதுக்கோட்டையில் பதிவெண் வாங்க ஒன்றரை மாதம் ஆனது. பதிவுப் புத்தகத்தில் இரண்டு வருடத்துக்கு விற்கக் கூடாது என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "விக்கிறதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார் அக்கா.

பதிவெண் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்திருந்தார், போனேன். அவர் அண்ணன் எல்லா ஏற்பாடும் செய்துவைத்திருந்தார். அண்ணன் முன்சீட்டிலும், அண்ணி, மருமகள், பேரப்பிள்ளை பின்னாலும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே பொன்னமராவதியில் சொந்தக்காரர் வீடு ஒன்றில் தலையைக் காட்டிவிட்டு வருவதாகத் திட்டம். எனக்கும் பின்சீட்டில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அக்கா தன் பக்கக் கதவைத் திறந்து, தானே ஏறி உட்கார்ந்து, கட்டைகளை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் எறங்குங்க" என்றார். "சாயங்காலம் வந்து கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். அண்ணன் கடைசியாக இறங்கி, சன்னலில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "விசாலம், நீ எங்கிட்டுப் போற?"

"தெரியலண்ணே. போய்த்தான் பாக்கணும்."

கார் மெதுவாகத் தெருமுனை வரை போனது. அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் பொன்னமராவதி. அக்கா வலப்பக்க விளக்கைப் போட்டார். கொஞ்ச நேரம் அது மின்னிக்கொண்டிருந்தது. பிறகு அதை அணைத்துவிட்டு இடப்பக்கம் திரும்பினார்.

"அங்கிட்டு நமக்கு யாரு இருக்கா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார். எங்கே போனார் என்று அண்ணன் கேட்டார், அண்ணி கேட்டார், மருமகளும் கேட்டார். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.